அலுவலக முகவரிக்கு வரும் சொந்தத் தபால்: அந்தரங்கம் காப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் சென்னை வீடுகளில், தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவு பூட்டியிருக்கும். விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கும், பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வீடு தேட வேண்டியவர்களுக்கும், நிலையான முகவரி என்று ஒன்று உண்டென்றால் அது அலுவலக முகவரிதான். அதனால் வங்கி அட்டை, காப்பீட்டுப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஊரிலிருந்து வரும் குடும்பக் கடிதம் என எல்லாமே கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் பெருங்குடிக்கும் தரமணிக்கும் வந்து சேருகின்றன. அப்படி வரும் தபாலை யார் வாங்குகிறார், யார் பார்க்கிறார், யார் பிரிக்கலாம் என்பதைப் பெரும்பாலான ஊழியர்கள், ஏதாவது ஒன்று வெளியே கசிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். முன்கூட்டியே செய்ய வேண்டியவற்றையும், கசிந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உறை பிரிவதற்கு முன்பே நடப்பது

அலுவலகத்துக்கு வரும் ஓர் உறையைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். தபால்காரரிடமிருந்தோ கூரியர் ஊழியரிடமிருந்தோ அதை வாசலில் செக்யூரிட்டி வாங்குகிறார், அல்லது வரவேற்பு மேசையில் இருப்பவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கிறார். அடுத்து இன்வார்டு பதிவேட்டில் தேதி, வரிசை எண், அனுப்புநர், பெறுநர், தபால் வகை, பெற்றவர் கையொப்பம் என்று கட்டம் கட்டமாகப் பதிகிறார்கள். அந்தப் பதிவேடு பெரும்பாலும் மேசைமேல் திறந்தே கிடக்கும். தன் தபாலுக்குக் கையெழுத்துப் போட வருகிற ஒவ்வொருவரும் மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளைப் படித்துவிட்டுத்தான் போகிறார். ‘அனுப்புநர்’ கட்டத்தில் குடும்பநல நீதிமன்றம் என்றோ, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் வசூல் பிரிவு என்றோ, கருத்தரிப்பு மையம் என்றோ எழுதியிருந்தால், உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தாலும் விஷயம் மதிய உணவுக்குள் மாடிக்கு மாடி பரவிவிடும்.

எனவே ‘என் கடிதத்தைப் பிரித்துவிட்டார்கள்’ என்ற புகார் இந்தப் பிரச்சினையின் பாதிதான். மீதிப் பாதி உறையின் முகப்பிலும் பதிவேட்டின் கட்டத்திலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், தபால் வந்த பிறகு போராடுவதைவிட வருவதற்கு முன் செய்யும் ஏற்பாடே கூடுதல் பலன் தரும் என்பது தெளிவாகும்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் முதலில் அகப்படுவது அமெரிக்கச் சட்டம். அங்கே கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 1702ஆம் பிரிவு, பெறுநரின் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன் அவருடைய கடிதத்தை அந்தரங்கத்தைத் துருவும் நோக்கில் எடுப்பதையோ பிரிப்பதையோ ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அந்நாட்டு அஞ்சல் துறையின் விதிகளோ, ஒரு நிறுவனத்தின் முகவரிக்குத் தனிநபர் பெயரில் வரும் தபாலை அந்த நிறுவனத்திடமே ஒப்படைக்கச் சொல்கின்றன. இவற்றில் எதுவும் சென்னையில் செல்லாது. அந்தப் பிரிவை மேற்கோள் காட்டி மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினால், உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து வலுவிழக்கும்.

இங்கே 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. பெறுநரின் வீட்டிலோ அலுவலகத்திலோ, அவருடைய பணியாளரிடமோ பிரதிநிதியிடமோ ஒப்படைத்தால் அது பெறுநரிடமே ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்று அந்தச் சட்டம் கூறியது. அஞ்சல் ஊழியர் கடிதத்தைப் பிரிப்பதும், தவறி வந்து சேர்ந்த தபாலை ஒருவர் மோசடியாக வைத்துக்கொள்வதும் அதில் தண்டனைக்குரியவையாக இருந்தன. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய தண்டனைப் பிரிவுகள் இதில் இல்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அதிகாரமளித்த அலுவலர் தபாலை இடைமறித்துப் பிரிக்கலாம் என்று 9ஆம் பிரிவு கூறுகிறது. முதலாளிக்கோ மேலாளருக்கோ அந்த அதிகாரம் தரப்படவில்லை. எனினும் அவர்கள் பிரித்தால் என்ன தண்டனை என்றும் இந்தச் சட்டம் சொல்லவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அரசு அலுவலகத்திலும் பொதுத்துறை நிறுவனத்திலும் பணிபுரிபவர் இதை நேரடியாகவே சுட்டிக்காட்டலாம். தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவருக்கு நிறுவனத்தின் சொந்த விதிகளும் வேலை ஒப்பந்தமும்தான் அன்றாடத்தில் கைகொடுக்கும். உறைக்குள் இருந்த காசோலையோ அட்டையோ பொருளோ காணாமல் போனால் நிலைமை வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி திருட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. கடிதம் காகிதமாகவே இருக்கும்வரை அந்தச் சட்டம் அதைத் தொடாது. தபாலறையில் அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால், அது டிஜிட்டல் தரவாகிச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. வந்த தபாலையெல்லாம் ஸ்கேன் செய்து பொதுக் கோப்புறையில் போடும் பழக்கமுள்ள நிறுவனங்கள் இப்போதே அதை மாற்றிக்கொள்வது நல்லது.

முதல் படி: எது அலுவலகத்துக்கு வரக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாத் தபாலையும் நிறுத்த வேண்டியதில்லை. பத்திரிகைச் சந்தா, திருமண அழைப்பிதழ், புத்தகப் பொட்டலம் போன்றவை வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மருத்துவம், நீதிமன்றம், கடன் ஆகிய மூன்றையும் சார்ந்த தபால்கள் மட்டும் அலுவலகத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றோடு வேறு நிறுவனத்திலிருந்து வரும் வேலைவாய்ப்புக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையிலும் பரிசோதனைக் கூடத்திலும் பதிவுப் படிவத்தை நிரப்பும்போதே, அறிக்கையை நேரில் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். எச்.ஐ.வி. தொடர்பான தகவலுக்கு 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. ஒருவருடைய நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை அது தடுக்கிறது. ஆனாலும் மையத்தின் பெயர் பெரிதாக அச்சான உறை ஒன்று வரவேற்பு மேசையில் அரை நாள் கிடந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சட்டத்தாலும் அதைப் பார்த்தவர்களின் நினைவிலிருந்து அழிக்க முடியாது.

கடன் விஷயத்தில் அலுவலக முகவரி நம்மை அறியாமலேயே நுழைந்துவிடுகிறது. கடன் விண்ணப்பத்தில் பணியிட முகவரி கட்டாயம் கேட்கப்படும். அதற்குக் கீழே ‘கடிதத் தொடர்புக்கான முகவரி எது’ என்ற சிறிய கட்டம் இருக்கும். முகவர் அவசரத்தில் அலுவலகம் என்று டிக் செய்துவிட்டால், அதன் பிறகு தவணை நினைவூட்டல் முதல் சட்ட நோட்டீஸ் வரை எல்லாமே அங்கேதான் வரும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ இப்போது எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, எழுத்துமூலம் மாற்றி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவரைப் பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும், அவருடைய குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் ரிசர்வ் வங்கியின் விதிகள் தடை செய்கின்றன. உறையின் மேல் ‘கடன் பாக்கி’ என்று சிவப்பில் அச்சடித்து அலுவலகத்துக்கு அனுப்பும் நிறுவனத்தின் மீது முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் செய்து, 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால் அஞ்சலகத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் பகுதிக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம் எது என்று கேட்டறிந்து, என் தபாலை நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கலாம். அல்லது தபால் பெட்டி எண் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். வீடு மாறினால் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பக் கோரியும் விண்ணப்பிக்கலாம். மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா சாலை போன்ற தலைமை அஞ்சலகங்கள் போய்வர வசதியான இடங்களிலேயே உள்ளன. அடிக்கடி இடம் மாறுபவருக்கு, நம்பிக்கையான உறவினர் வீட்டு முகவரியைவிட தபால் பெட்டியே மேல் என்பது என் கருத்து. உறவினர் வீட்டிலும் தபாலைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு.

இரண்டாம் படி: முகவரியை எழுதும் முறை

தவிர்க்க முடியாமல் அலுவலகத்துக்கே வர வேண்டிய தபாலுக்கு முகவரியை எழுதும் முறையே முதல் காவல். உங்கள் பெயர் முதல் வரியில் தனியாக வர வேண்டும். பதவிப் பெயர் எழுதவே கூடாது. ‘மேலாளர், கணக்குப் பிரிவு’ என்று இருந்தால் எந்தத் தபாலறையும் அதை அலுவல் கடிதம் என்றே எடுத்துக்கொள்ளும், அப்படி எடுத்துக்கொண்டதில் தவறும் சொல்ல முடியாது. பெயருக்கு மேலே இடப்பக்க மூலையில் ‘தனிப்பட்டது, பெறுநர் மட்டும் பிரிக்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

அரசு அலுவலகங்களில் பணிபுரிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ‘மந்தணம்’ என்ற குறிப்பு அலுவல் ரகசியத்துக்கு உரியது. அந்த உறை மேலதிகாரியின் மேசைக்குத்தான் போகும். அதேபோல் நேர்முகக் கடிதம் (ஓர் அதிகாரி இன்னொரு அதிகாரிக்குப் பெயர் குறித்து எழுதும் கடிதம்) அதிகாரியின் பெயருக்கே வந்தாலும் அது அலுவல் கடிதம், அவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பு அதிகாரி அதைப் பிரிப்பார். ஆகவே சொந்தக் கடிதத்தின் மேல் ‘மந்தணம்’ என்று எழுதாமல் ‘சொந்தக் கடிதம்’ என்றே எழுதுவது பாதுகாப்பு.

அனுப்பும் வகையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு பதிவுத் தபால் பெறுநரின் கையில் கொடுப்பதற்கானது. ஸ்பீட் போஸ்ட் அந்த முகவரியில் இருக்கும் எவரிடமும் கொடுப்பதற்கானது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 1 முதல், ஸ்பீட் போஸ்ட் கட்டணத்துடன் 5 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகச் செலுத்தினால் ‘பதிவு’ வசதி கிடைக்கும். அப்படி அனுப்பிய தபாலைப் பெறுநரிடமோ அவர் அதிகாரமளித்தவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டும். அதே அளவு கட்டணத்தைத் தனியாகச் செலுத்தினால், பெறுநரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால் மட்டும் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. உங்கள் வக்கீலிடமோ, ஊரிலிருந்து பத்திரம் அனுப்பும் அண்ணனிடமோ இதைச் சொல்லிவையுங்கள். சாதாரண ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு வரவேற்பு மேசையில் வாங்கிவிட்டார்களே என்று வருந்துவதில் பயனில்லை.

மூன்றாம் படி: நிறுவனத்தின் விதியைக் கேட்டு வாங்குங்கள்

பணியாளர் கையேட்டில் தபால் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில நிறுவனங்கள், தங்கள் முகவரிக்கு வரும் எதையும் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பிரிக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கும். அதில் கையெழுத்திட்டிருந்தால் பின்னர் வாதாடுவது கடினம். பல நிறுவனங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்களே ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். கீழ்க்கண்ட வாசகம் போதுமானது:

“என் பெயருக்கு அலுவலக முகவரியில் வரும் தபால்களில், பதவிப் பெயர் இல்லாதவற்றையும் ‘தனிப்பட்டது’ என்று குறிக்கப்பட்டவற்றையும் பிரிக்காமல் என்னிடமே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் விடுப்பில் இருக்கும் நாட்களில் அவற்றைப் பூட்டிய இழுப்பறையில் வைத்து எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் போதுமானது. வேறு எவரிடமும் கொடுக்க வேண்டாம். தவறுதலாகப் பிரிக்கப்பட்டால், மீண்டும் ஒட்டாமல், பிரித்த நாளை உறையின் மேல் குறித்து, உறையோடு சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன்.”

இதைக் குற்றச்சாட்டின் தொனியில் இல்லாமல், வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே வழக்கமான தகவலைப் போலக் கொடுத்துவிட்டால் யாரும் மனத்தாங்கல் கொள்ள மாட்டார்கள். ஒரு நகலில் பெற்றதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலைக் கையாளும் அண்ணனிடமோ அக்காவிடமோ நேரில் போய் மரியாதையாகச் சொல்லிவைப்பது, மனிதவளப் பிரிவின் பத்துச் சுற்றறிக்கைகளுக்குச் சமம். உண்மையில் உங்கள் அந்தரங்கம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அதைப் பொறுப்போடு காக்கவே விரும்புகிறார்கள்.

நான்காம் படி: நாள் ஓடும் தபால்களைக் கண்காணியுங்கள்

தபாலறையில் முடங்கிக் கிடக்கும் உறையால் நேரும் சேதம் மானத்தோடு நிற்பதில்லை. காசோலை திரும்பிய வழக்கில் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். வரவேற்பு மேசையில் கையெழுத்தான தேதியைக் காட்டி, அன்றே உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது உரிய காலத்தில் சேர்ந்துவிட்டதாகவே பொது ஷரத்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கருதுகிறது. சேரவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ‘வாங்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று வரவேற்பில் சொல்லிவைப்பதும் பலிக்காது. ‘பெற மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பிய தபாலை நீதிமன்றங்கள் சேர்ப்பிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. ஏதாவது வழக்கோ தகராறோ நடந்துகொண்டிருந்தால், விடுப்பில் இருக்கும்போதும் நாள்தோறும் தபாலறைக்கு ஒரு போன் செய்து கேளுங்கள்.

உங்களைப் பற்றியதாக இருந்தும் உங்களுக்கு உரிமையில்லாத தபால்களும் உண்டு. சம்பளத்தைப் பற்றுகை செய்யும், அதாவது கடனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு, உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 48 மற்றும் 48அ விதிகளின்படி சம்பளம் வழங்குபவருக்கே அனுப்பப்படுகிறது. நிறுவனம் அதைப் பிரித்துப் படித்தே ஆக வேண்டும். அதைச் சம்பளப் பிரிவைத் தாண்டிப் பரப்பாமல் இருக்கும்படி மட்டுமே நீங்கள் கேட்க முடியும். அப்படிக் கேட்பதில் முழு நியாயமும் இருக்கிறது.

ஐந்தாம் படி: பிரித்துவிட்டார்கள் என்றால்

முதலில் உறையைப் பத்திரப்படுத்துங்கள். பலர் கோபத்தில் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சான்று முழுவதும் உறையில்தான் இருக்கிறது. பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது, ‘தனிப்பட்டது’ என்ற குறிப்பு இருந்ததா, மேல்விளிம்பு கத்தியால் நேராக அறுக்கப்பட்டதா, அல்லது ஒட்டிய மடிப்பு மெதுவாகக் கிளப்பப்பட்டு மறுபடி பசை தடவப்பட்டதா என்பதை உறையே சொல்லிவிடும். நேரான அறுப்பு பெரும்பாலும் கட்டுத் தபால்களை ஒன்றாகப் பிரித்தபோது நேர்ந்த கவனக்குறைவு. மடிப்பைக் கிளப்பி மீண்டும் ஒட்டியிருந்தால் அதில் நோக்கம் இருக்கிறது. கடிதத்தின் முகப்பில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் விழுந்திருந்தால், எந்த மேசையில் பிரிந்தது என்பதும் தெரிந்துவிடும். உறையையும் கடிதத்தையும் பதிவேட்டின் அந்த வரியையும் அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மற்றவர்களின் வரிகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனக்குறைவு என்றால், பிரித்தவரிடம் நேரில் பேசினாலே பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாம் முறை நடந்தால் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, மூன்றாம் படியில் சொன்ன கடிதத்தின் நகலை இணையுங்கள். உள்ளே இருந்ததைப் படித்து மற்றவர்களிடம் சொன்னார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள் என்றால் பேச்சுவார்த்தையோடு நிற்காதீர்கள். யார், எந்த நாளில், எந்தக் குழுவில் என்பதை எழுத்தில் பதிந்து நிறுவனத்தின் உயர்நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள், ஒரு வழக்கறிஞரிடமும் ஆலோசனை கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் தொடர்பான கடிதம் அப்படி வெளியானால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடுவதை வெளிப்படையாகவே தடை செய்கிறது.

வங்கி அட்டை இருந்த உறை பிரிந்து வந்தால், உள்ளே அட்டை இருந்தாலும் அதை உடனே முடக்கிவிட்டு வேறு அட்டை கேளுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அஞ்சலகத்தின் கையிலேயே உறை சிதைந்து வந்திருந்தால், கட்டணமில்லா எண் 1800 266 6868 வழியாக அஞ்சல் துறையிடம் புகார் பதியலாம்.

தபாலறைப் பொறுப்பாளர்களுக்கு

இந்த வழிகாட்டியைப் படிப்பவர்களில் தபாலை வாங்கிப் பிரிப்பவர்களும் இருப்பார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதளவே. பெயர் மட்டும் இருக்கும் உறையைப் பிரிக்காதீர்கள், சந்தேகம் வந்தால் அவரையே அழைத்துக் கேளுங்கள். சொந்தத் தபால்களுக்கு இன்வார்டு பதிவேட்டில் அனுப்புநர் பெயரை எழுதாமல், கண்காணிப்பு எண்ணை மட்டும் எழுதுங்கள். தொலைந்தால் தேடுவதற்கு அந்த எண் போதும். பதிவேட்டை மூடி வையுங்கள், கையெழுத்து வாங்கும்போது மேல் வரிகளின்மேல் ஓர் அட்டையை வைத்து மறையுங்கள். உறைகளை மேசைமேல் பரப்பி வைத்து, ‘உங்களுடையதை நீங்களே தேடி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விடுவதை முற்றாக நிறுத்திவிடுங்கள். தவறிப் பிரித்துவிட்டால் படிக்காமல் மடித்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

வேலையை விடும்போது

பழைய அலுவலகத்தில் வந்து தேங்கும் தபால்தான் மிகவும் பாதுகாப்பற்றது, ஏனென்றால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஆகவே பணிவிலகல் கடிதம் கொடுத்த வாரத்திலேயே வங்கிகள், காப்பீட்டு நிறுவனம், பரஸ்பர நிதி, வக்கீல், மருத்துவமனை ஆகிய இடங்களில் முகவரியை மாற்றத் தொடங்குங்கள். சில இடங்களில் மாற்றம் பதிவாகச் சில வாரங்கள் ஆகும். கடைசி வேலை நாளில், புதிய முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுதிய ஒரு தாளைத் தபாலறையில் கொடுத்து, இனி வரும் சொந்தத் தபால்களைப் பிரிக்காமல் அந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புமாறும், அது இயலாதென்றால் ‘இடம் மாறிவிட்டார்’ என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுமாறும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கி, பணி விடுவிப்புச் சான்றோடு சேர்த்து வையுங்கள்.